ஷிகா கோகெனில் பனிச்சறுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் ஸ்கீ கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது என்னிடம் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஹொக்கைடோவிலுள்ள நிசெகோவின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள். நல்ல இடம்தான். ஆனால் வாழ்நாளில் முதல் முறையாகக் காலில் ஸ்கீ மாட்டப் போகிறவருக்கு நான் சொல்வது வேறு ஊர். நாகானோ மாகாணத்தில், யாமனோஉச்சி என்ற சிற்றூரின் மலைப்பகுதியில் இருக்கும் ஷிகா கோகென். 'கோகென்' என்றால் மேட்டுநிலம். கிட்டத்தட்ட 18 சறுக்குத் தளங்கள், மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்கான ஒரே பாஸில் அடங்குகின்றன. ஜப்பானின் மிகப் பெரிய ஸ்கீ பகுதிகளில் இது ஒன்று.

பரப்பை வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை. இங்கே தொடக்கக்காரருக்கான மெதுவான சரிவுகள் ஒவ்வொரு மூலையிலும் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்தும் இருக்கின்றன. இரண்டு நாள் பொறுமையாக ஒரே சரிவில் பழகிவிட்டால், மூன்றாம் நாள் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குச் சறுக்கியே போகலாம். அந்த மூன்றாம் நாளுக்காகத்தான் இந்தத் திட்டம் முழுவதும். குறைந்தது நான்கு நாள், முடிந்தால் ஐந்து நாள் ஒதுக்குங்கள். வார இறுதியில் ஒருநாள் போய்த் தொட்டுவிட்டு வரும் பயணத்துக்கு இந்த ஊர் பொருந்தாது.

எப்போது போவது

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடந்து வருகிறது. அந்தக் கடலில் சுஷிமா நீரோட்டம் தெற்கிலிருந்து வெப்பத்தைக் கொண்டுவந்தபடி இருப்பதால், காற்று போகிற வழியில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு ஜப்பானின் நடுமலைகளில் மோதி, மேலெழுந்து, பனியாகக் கொட்டுகிறது. கடலோரத்தை ஒட்டிய மலைகளுக்கு அளவு கூட, ஈரமும் கூட. ஷிகா கோகென் கொஞ்சம் உள்ளே தள்ளி, அதிக உயரத்தில் இருக்கிறது. அதனால் பனியின் அளவில் நொசாவா, மியோகோ போன்ற இடங்களுக்குப் பின்னால் நின்றாலும், இங்கே விழும் பனி உலர்ந்து, கையில் பிடித்தால் உருண்டையாகாமல் உதிரும். விடுதிகளே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நடுக்குளிரில் மழை பெய்து பனியைக் கெடுப்பது அரிது.

பருவம் பொதுவாக நவம்பர் பிற்பாதியில் ஒன்றிரண்டு தளங்களோடு தொடங்கி, மே மாதத் தொடக்கம் வரை நீள்கிறது. ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் பனிக்குச் சிறந்தவை. குளிரும் அப்போதுதான் உச்சம். காலை வேளையில் மைனஸ் 10, 15 டிகிரி என்பது சாதாரணம். தொடக்கக்காரருக்கு நான் சொல்வது மார்ச் முதல் பாதி. வெயில் இருக்கும், பகல் நீளமாக இருக்கும், பனியும் குறையாது. விரல் விறைக்கவில்லை என்றாலே பாதிப் பாடம் எளிதாகிவிடும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரையிலான புத்தாண்டு வாரத்தையும், பிப்ரவரியின் நீண்ட வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி வார நாட்களில் பள்ளி மாணவர் கூட்டம் சீருடைபோல ஒரே நிற மேலாடையில் வரிசையாக இறங்கும். அவர்களால் தொந்தரவு இல்லை, வரிசை முடியும்வரை ஓரமாக நின்றுவிட்டால் போதும்.

எப்படிப் போய்ச் சேருவது

டோக்கியோ நிலையத்திலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் ரயில். நாகானோவுக்கு வேகமான வண்டியில் சுமார் 80 நிமிடம், நின்று நின்று போகும் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குள். 1998 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்காக 1997 அக்டோபரில் திறக்கப்பட்ட பாதை இது. நாகானோ நிலையத்தின் கிழக்கு வாசலில் ஷிகா கோகென் பேருந்து நிற்கும். நாம் தங்கப்போகும் இச்சினோசே வரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இன்னொரு வழி, நாகானோ மின்ரயிலில் யுதானாகா வரை போய் அங்கிருந்து பேருந்து பிடிப்பது. பெட்டி அதிகம் என்றால் முதல் வழி. திரும்பும்போது இரண்டாவது வழி நன்றாக இருக்கும், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டியைச் சுமக்கவே வேண்டாம் என்றால் தக்கியுபின் என்ற கூரியர் சேவை இருக்கிறது. டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேசையிலேயே கொடுத்துவிடலாம். வழக்கமாக மறுநாள் போய்விடும், பனிக்காலத்தில் இரண்டு நாள் முன்னதாக அனுப்புவது நல்லது. முதல் நாள் தேவைப்படும் கையுறை, உள்ளாடை, மருந்து ஆகியவற்றை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா வாங்க வேண்டும் என்பதால், விடுதிப் பதிவுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஸ்கீ விபத்தைச் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். பல காப்பீடுகள் இதைத் தனியாகக் கேட்டால்தான் சேர்க்கும். சிறிய எழுத்துகளை ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

எங்கே தங்குவது

இச்சினோசே. யோசிக்கவே வேண்டாம். மொத்தப் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது, விடுதிகள் அதிகம், வாடகைக் கடைகளும் ஸ்கீ பள்ளியும் நடந்து போகிற தூரத்தில். மெதுவான டைமண்ட் சரிவு சாலைக்கு அந்தப் பக்கம்தான். நல்ல பழக்கம் வந்தவர்கள் அமைதியை நாடி ஒகுஷிகாவிலோ, யாகெபிதாய்யாமாவின் அடிவாரத்துப் பெரிய விடுதியிலோ தங்கலாம்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஷிகா கோகென் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மலை. கீழே கடைத்தெருவோ வரிசையாக உணவகங்களோ கிடையாது. இரவில் சாப்பிட விடுதியை விட்டால் வழி குறைவு. அதனால் காலை, இரவு இரண்டு வேளை உணவும் சேர்ந்த அறையாகவே எடுங்கள். விடுதிகள் பல பழைய காலத்தவை: பாய் விரித்த அறை, தாழ்வான மேசை, நடைபாதையில் ஹீட்டர் வாசனை. எனக்கு அது பிடிக்கும். பளபளப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

உடையும் பூட்ஸும்

உடையில் ஒரே விதி, உடம்பை ஒட்டிப் பருத்தி கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் முதுகு சில்லிட்டுப்போகும். கம்பளி அல்லது செயற்கை இழையில் உள்ளாடை, நடுவில் ஒரு ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும். இவற்றில் மேலாடை, கால்சட்டை, காகிள்ஸ், ஹெல்மெட் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். கையுறையையும் காலுறையையும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். காலுறை ஒன்றுதான் போட வேண்டும், முழங்கால் வரை நீளமானது. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

பூட்ஸ் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முறை ஒரு வாடகைக் கடையில் கொடுத்த பூட்ஸ் காலுக்குச் சுகமாக இருக்கிறதே என்று மகிழ்ந்து மாட்டிக்கொண்டு போனேன். அது ஒரு சைஸ் பெரிது. நான் காலைத் திருப்பினால் உள்ளே பாதம் மட்டும் திரும்பியது, ஸ்கீ பேசாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க எனக்கு ஸ்கீ வராது என்றே நினைத்துவிட்டேன். மறுநாள் பூட்ஸை மாற்றியதும் பாதிச் சிக்கல் தானாகத் தீர்ந்தது. அதனால் கடையில் கூச்சப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. முழங்காலுக்குக் கீழே காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் நன்றாகப் படிய வேண்டும். இறுக்கமாக இருக்கலாம், வலிக்கக் கூடாது.

ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில். 26.5 என்பதுபோல உங்கள் பாத நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உயரம், எடை, வயது, அனுபவம் கேட்பார்கள். எடையைக் குறைத்து எழுத வேண்டாம். விழும்போது ஸ்கீ எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்று, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை அமைப்பது அந்தக் கணக்கை வைத்துத்தான், தவறினால் முழங்காலுக்கு ஆபத்து. ஸ்கீயின் நீளம் தொடக்கத்தில் தாடை அளவுக்கு இருந்தால் போதும்.

முதல் நாள்: ஒரே சரிவு

முதல் நாள் காலையில் ஸ்கீ பள்ளியில் இரண்டு மணி நேர வகுப்பு எடுங்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியர் வேண்டுமென்றால் சில வாரங்களுக்கு முன்பே பதிய வேண்டும். நண்பர் சொல்லித்தருவார் என்று நம்பிப் போகிறவர்கள் பலர். நன்றாகச் சறுக்கத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு.

சமதளத்தில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடப்பதிலிருந்து தொடங்குவார்கள். பிறகு இரண்டும் மாட்டி, பக்கவாட்டில் படியேறுவதுபோலச் சரிவில் ஏறுவது. அடுத்து விழுவதும் எழுவதும். விழுந்ததும் இரண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்கே இருக்குமாறு திருப்பிக்கொள்ளுங்கள், அப்புறம்தான் எழ முயல வேண்டும். ஸ்கீயின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்போது எழுந்தால், எழுந்த கையோடு வழுக்கிப் போய்விடுவீர்கள்.

அடுத்தது பிரேக். முன்முனைகளைக் கிட்டே வைத்து, பின்முனைகளை அகல விரித்து ஆங்கில 'A' எழுத்தைப் போல நிற்பது. ஜப்பானில் இதை 'போகென்' என்பார்கள். இது ஜெர்மன் சொல். சறுக்குத் தளத்துக்கு 'கெரெந்தே', கையில் பிடிக்கும் கம்புக்கு 'ஸ்தொக்கு' என்று இங்கே பல சொற்கள் ஜெர்மனிலிருந்து வந்தவை. 1911 ஜனவரி 12 அன்று, நீகாதா மாகாணத்தின் தகாதாவில், தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி ஜப்பானிய வீரர்களுக்கு ஸ்கீ பாடம் தொடங்கினார். அவர் கையில் இருந்தது ஒற்றைக் கம்பு.

போகெனில் நிற்க வந்ததும் திரும்பும் பாடம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக்காலில் எடையைப் போட வேண்டும், வலப்பக்கம் திரும்ப இடக்காலில். கேட்கத் தலைகீழாக இருக்கும், செய்து பார்த்தால் புரியும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். சரிவைப் பார்த்துப் பயம் வந்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதி பனியைப் பிடிக்காது, திரும்பாது, வேகம் இன்னும் கூடும், பயமும் கூடும். பயம் வருகிற அந்த நொடியில்தான் காலின் முன்னெலும்பைப் பூட்ஸின் நாக்கில் அழுத்தி, கைகளை முன்னால் நீட்டி, பார்வையைக் காலிலிருந்து எடுத்துப் போக வேண்டிய திசையில் வைக்க வேண்டும். இது ஒன்று கைவந்துவிட்டால் மற்றவை பின்னால் வரும். மதியம் மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த காலோடு 'கடைசியாக ஒரு தடவை' என்று போகும்போதுதான் அடிபடுகிறது.

இரண்டாம் நாள்: லிஃப்ட்

லிஃப்டில் ஏற வரிசையில் நின்று, கேட் திறந்ததும் குறித்த கோடுவரை நகர்ந்து, பின்னால் பார்த்து, இருக்கை வந்ததும் உட்கார வேண்டும். பாதுகாப்புக் கம்பியைத் தவறாமல் இறக்குங்கள். மேலே நெருங்கும்போது ஸ்கீயின் மூக்கைத் தூக்கி, கோடு வந்ததும் எழுந்து, நிற்காமல் நேராக விலகிப் போய்விட வேண்டும். தயக்கமாக இருந்தால் ஏறும் முன் ஊழியரிடம் 'யுக்குரி ஒநெகாய்ஷிமாசு' என்று சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்து ஏற்றிவிடுவார்கள்.

பாஸ் ஒரு மின்னட்டை. ஜாக்கெட்டின் இடக்கைப் பையில் தனியாக வைத்தால், கேட் அருகே போனாலே திறந்துவிடும். கைபேசியோடு சேர்த்து வைத்தால் சில சமயம் வேலை செய்யாது. குளிரில் கைபேசியின் பேட்டரி சட்டென இறங்கும், உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

இந்த நாளும் டைமண்டிலோ, பக்கத்துத் தளமான தகாமகஹாராவின் கீழ்ப்பகுதியிலோ கழியட்டும். எங்கே வேண்டுமானாலும் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறது, இரு பக்கமும் திரும்ப முடிகிறது என்றால் நீங்கள் தயார்.

மூன்றாம் நாள்: மலையிலிருந்து மலைக்கு

வானம் தெளிவாக இருக்கிறதா என்று காலையில் பாருங்கள். மூட்டமாக இருந்தால் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகி மேடு பள்ளம் தெரியாது, ஒரு நாள் தள்ளிப் போடலாம். காகித வரைபடம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இச்சினோசே டைமண்டிலிருந்து யாமனோகாமி வழியாக யாகெபிதாய்யாமா. இதன் உச்சி 2,009 மீட்டர். கொண்டோலா என்ற மூடிய கூண்டு லிஃப்டில் ஏறினால், உச்சியிலிருந்து அடிவாரம் வரை அகலமான, நீண்ட சரிவுகள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் மூச்சு வாங்கி நிற்கலாம். 1998 ஒலிம்பிக்கில், நட்ட கம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டி நடந்தது இந்த மலையில்தான். தெம்பு இருந்தால் அப்படியே ஒகுஷிகா வரை போகலாம், கூட்டமே இருக்காது. பிர்ச் மரங்களுக்கு நடுவே உங்கள் ஸ்கீயின் சத்தம் மட்டும் கேட்கும்.

மறுபக்கம் போனால் தகாமகஹாரா, அதற்கு அப்பால் ஹிகாஷிதாதேயாமா, தெராகோயா. 2,000 மீட்டரைத் தாண்டிய தெராகோயாவில் சரிவு மெதுவானது, பனியோ மிகத் தரமானது. இப்படி இரண்டும் சேர்ந்து தொடக்கக்காரருக்குக் கிடைப்பது அபூர்வம். ஹிகாஷிதாதேயாமாவின் செங்குத்தான ஒலிம்பிக் சரிவை மட்டும் மேலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். 1998 பிப்ரவரி 13 அன்று ஹகுபா என்ற ஊரில் நடந்த டவுன்ஹில் பந்தயத்தில் தூக்கி எறியப்பட்டு விழுந்த ஆஸ்திரியரான ஹெர்மன் மையர், மூன்றே நாளில் சூப்பர்-ஜி தங்கத்தை வென்று, 19ஆம் தேதி ஜயண்ட் ஸ்லாலம் தங்கத்தை வென்றது இந்தச் சரிவில். மேலே நின்று எட்டிப் பார்த்தால் அந்த வெற்றியின் அளவு புரியும்.

பெரும்பாலான லிஃப்டுகள் நான்கு, நாலரை மணிக்கு நின்றுவிடும், இணைப்பு லிஃப்டுகள் சில இன்னும் முன்பே. இரண்டரை மணிக்குத் திரும்பும் வழியில் இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். தவறிவிட்டால் தளங்களுக்கு இடையே ஓடும் ஷட்டில் பேருந்து இருக்கிறது. அதன் நேர அட்டவணையைக் காலையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: யோகோதெயாமா

இது சற்றுத் தள்ளி இருப்பதால் பேருந்தில் போக வேண்டும். 2,307 மீட்டர் உச்சி வரை லிஃப்ட் போகிறது, ஜப்பானிலேயே மிக உயரமான ஸ்கீ தளங்களில் ஒன்று. நடுக்குளிரில் காற்றோடு வரும் நீர்த்துளிகள் மரங்களில் மோதி உறைந்து, ஒவ்வொரு மரமும் வெள்ளைப் போர்வை போர்த்திய உருவமாக நிற்கும். தெளிந்த நாளில் ஜப்பானின் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் தெரியும். உச்சியில் இருக்கும் குடிலில் ரொட்டியை அங்கேயே சுடுகிறார்கள், சூடான போர்ஷ்ச் சூப்போடு சாப்பிடலாம். காற்று பலமான நாளில் மேல் லிஃப்ட் நின்றுவிடும், போகும் முன் விசாரித்துவிடுங்கள். இறங்கும் வழியில் குமானோயு. அங்கே வெந்நீர் ஊற்றின் நீர் கந்தக வாசனையோடு பச்சை நிறத்தில் இருக்கும்.

வெந்நீர்க் குளியல் ஸ்கீயின் ஒரு பாகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கும் முன் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவ வேண்டும். நீச்சல் உடை கூடாது, சிறு துண்டு நீரில் படக் கூடாது. முதல் நாள் கூச்சமாக இருக்கும், இரண்டாம் நாள் தொடை வலி கூச்சத்தை வென்றுவிடும்.

எதில் கவனம்

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள். '立入禁止' என்ற நான்கு எழுத்தை மனத்தில் பதியவையுங்கள், நுழையக் கூடாது என்று பொருள். அப்பால் பனிச்சரிவு அபாயம் உண்டு. தெரியாத இன்னோர் அபாயம் மரத்தடி. ஊசியிலை மரங்களின் கிளைக்கு அடியில் பனி நிரம்பாமல் குழியாக இருக்கும். மேலே மென்பனி மூடியிருப்பதால் வெளியே தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியே வருவது மிகக் கடினம். மரத்தை விட்டு விலகியே சறுக்குங்கள்.

சரிவில் கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை. பின்னால் வருகிறவர் விலகிப் போக வேண்டும். நிற்பதென்றால் ஓரமாக, மேலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில். அடிபட்டால் லிஃப்ட் ஊழியரிடம் சொன்னால் ஸ்கீ ரோந்துக் குழு வரும். ஆம்புலன்ஸ் எண் 119. விடுதி வாசலில் கூரை விளிம்புக்கு அடியில் நடக்காதீர்கள், கூரையில் சேர்ந்த பனி எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

சைவர்களுக்கு

ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். அதன் பெயர் தாஷி. சறுக்குத் தள உணவகங்களின் கறி ரைஸிலும் இறைச்சி கலந்திருக்கும். அதனால் விடுதி பதியும்போதே 'இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் வேண்டாம்' என்று எழுதிக் கேளுங்கள், ஒப்புக்கொண்ட பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நாகானோவின் ஒயாகி என்ற அடைத்த உருண்டைகளில் பூசணி, கீரை, இனிப்புப் பயறு வைத்தவை கிடைக்கும். நாகானோ நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். அவல், பருப்புப் பொடி, ஊறுகாய் கொஞ்சம் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவதில் தப்பே இல்லை.

திரும்பும் நாள்

காலையில் ஸ்கீயை ஒப்படைத்துவிட்டு, பெட்டியை விடுதியிலிருந்தே டோக்கியோவுக்கோ விமான நிலையத்துக்கோ அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்துக்கு என்றால் ஓரிரு நாள் இடைவெளி வேண்டும். கை வீசிக்கொண்டு யுதானாகா பக்கம் இறங்கும் பேருந்தைப் பிடித்து, கான்பாயாஷியில் இறங்குங்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் 1.6 கிலோமீட்டர் நடந்தால் ஜிகோகுதானி. 1964 முதல் இயங்கும் குரங்குப் பூங்கா அது. வெந்நீர்த் தொட்டியில் குரங்குகள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தளவு உட்கார்ந்திருக்கும். பாதை மிதிபட்டு உறைந்து வழுக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் பல் பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். போய் வரவும் பார்க்கவும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால், யுதானாகாவிலிருந்து மாலை ரயிலைப் பிடித்து, இரவுக்குள் டோக்கியோ சேர்ந்துவிடலாம்.